மாநிலத்தின் சேவைத் துறையை வட்டாரத்தோடு வைத்து அளப்பது எப்படி

"சேவைத் துறையில் மாநிலம் 8 சதவீதம் வளர்ந்தது" என்ற ஒற்றை எண் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. சுற்றியுள்ள மாநிலங்கள் 10 சதவீதம் வளர்ந்த ஆண்டில் அது பின்னடைவு. மற்றவை 5 சதவீதத்தில் தேங்கிய ஆண்டில் அதே 8 பெரிய சாதனை. எல்லாரையும் ஒன்றாகத் தூக்கிவிடும், ஒன்றாகத் தாழ்த்தும் காரணங்கள் பல உண்டு. வட்டி விகிதம், உலகச் சந்தையின் ஐடி தேவை, பெருந்தொற்று எல்லாம் அந்த வகை. அவற்றைக் கழித்துவிட்டு மாநிலத்துக்கே உரிய பங்கைப் பார்க்கத்தான் வட்டார ஒப்பீடு.

ஆனால் இடைவெளி எவ்வளவு என்று கண்டுபிடிப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை. அந்த இடைவெளி எந்த உட்துறையிலிருந்து வருகிறது, அது மாநிலத்தின் செயல்பாட்டால் வந்ததா, துறைகளின் கலவையால் வந்ததா என்று பிரித்தால்தான் எண்ணுக்கு உயிர் வரும். இதை ஒரு சாதாரண எக்செல் தாளிலேயே செய்யலாம். இந்திய மாநிலங்களுக்கு என்ன வரிசையில் செய்ய வேண்டும், எங்கே வழுக்கும் என்பதைக் கீழே பார்ப்போம். உதாரணங்களுக்குத் தென் மாநிலங்களை எடுத்துக்கொள்கிறோம்.

வட்டாரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எண்களைத் திறப்பதற்கு முன்பே வட்டாரம் எது என்று எழுதி வைத்துவிடுங்கள். எண்களைப் பார்த்த பிறகு முடிவு செய்தால், நமக்குச் சாதகமான அண்டை மாநிலங்கள் தாமாக உள்ளே வந்துவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் நடக்கும்.

எளிதில் கேள்விக்கு உள்ளாகாத எல்லை, 1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டப்படி அமைந்த மண்டலக் குழுக்கள். தெற்கு மண்டலத்தில் ஆந்திரம், கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு, தெலங்கானா, புதுச்சேரி ஆகியவை வருகின்றன. தெலங்கானா 2014 ஜூன் 2-இல்தான் பிறந்தது என்றாலும், 2011-12 அடிப்படை ஆண்டு (எந்த ஆண்டின் விலையில் மற்ற ஆண்டுகளை அளக்கிறோமோ அது) வரிசையில் ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் தனித்தனி எண்கள் 2011-12 முதலே கிடைக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளை எடுத்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். எனவே 2011-12-க்கு முன்னால் போகாமல் இருப்பது நல்லது.

மகாராஷ்டிரத்தோடும் குஜராத்தோடும் ஒப்பிட வேண்டும் என்ற ஆசை தமிழ்நாட்டை ஆராய்பவர்களுக்கு வரும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது "போட்டி மாநிலங்கள்" என்ற இரண்டாவது ஒப்பீடு. வட்டார ஒப்பீட்டோடு கலக்காமல் தனி அட்டவணையாகப் போடுங்கள்.

அடுத்து இரண்டு விதிகள். இவற்றை மீறிய அறிக்கைகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன.

முதல் விதி: வட்டாரக் கூட்டுத்தொகையிலிருந்து உங்கள் மாநிலத்தைக் கழித்துவிடுங்கள். தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற பெரிய மாநிலம் வட்டாரத்துக்குள்ளேயே இருந்தால் அது தன்னைத் தானே ஒப்பிட்டுக்கொள்கிறது. இடைவெளி சுருங்கித் தெரியும். ஒப்பிட வேண்டியது "மற்ற மாநிலங்களோடு".

இரண்டாவது விதி: வளர்ச்சி விகிதங்களைச் சராசரி எடுக்காதீர்கள். மாநிலங்களின் ரூபாய் மதிப்புகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் வளர்ச்சியைக் கணக்கிடுங்கள். விகிதங்களின் எளிய சராசரியில் புதுச்சேரியும் கர்நாடகமும் ஒரே எடையைப் பெற்றுவிடும்.

எந்த அட்டவணை, எந்தப் பதிப்பு

மூல எண்களைத் தயாரிப்பவை மாநிலங்களின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைகள். அவற்றை ஒருங்கிணைத்து வெளியிடுவது மத்திய புள்ளியியல் மற்றும் திட்ட அமலாக்க அமைச்சகம். ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் இந்திய மாநிலங்களின் புள்ளிவிவரக் கையேட்டில் எல்லா மாநிலங்களும் ஒரே வடிவில் இருப்பதால் தொடக்கத்துக்கு அது வசதி. உட்துறை விவரம் வேண்டுமென்றால் அமைச்சகத்தின் மாநில வாரிக் கோப்புகளுக்குப் போக வேண்டும்.

எடுக்க வேண்டியது ஜிஎஸ்விஏ, அதாவது மாநில மொத்த மதிப்புக் கூட்டல் (உற்பத்தி மதிப்பிலிருந்து இடுபொருள் செலவைக் கழித்தது). ஜிஎஸ்டிபி, அதாவது மாநில மொத்த உள்நாட்டு உற்பத்தி வேண்டாம். ஜிஎஸ்டிபி என்பது ஜிஎஸ்விஏ-வோடு பொருள்கள் மீதான வரியைக் கூட்டி, மானியத்தைக் கழித்தது. அந்த வரியையும் மானியத்தையும் துறை வாரியாகப் பிரிக்க முடியாது. எனவே "சேவைத் துறையின் பங்கு" என்று கணக்கிடும்போது மேலே ஜிஎஸ்விஏ, கீழே ஜிஎஸ்டிபி என்று போட்டால் பங்கு குறைந்து தெரியும். மேலும் கீழும் ஜிஎஸ்விஏ-வாகவே இருக்கட்டும்.

கோப்பைத் திறந்ததும் தலைப்பில் அலகைப் பாருங்கள். விரிவான மாநில அட்டவணைகள் லட்சம் ரூபாயிலும், தேசியக் கணக்குகள் கோடி ரூபாயிலும் வரும். இரண்டையும் ஒரே தாளில் ஒட்டி, நூறு மடங்கு பிழையோடு வரைபடம் போட்டுவிட்டுப் பிறகு தேடுவது பழக்கமான துன்பம். ஒட்டிய உடனேயே எல்லாவற்றையும் கோடிக்கு மாற்றிவிடுங்கள்.

பதிப்பு விஷயம் இதைவிட முக்கியம். ஒரே ஆண்டுக்கான எண் முன்மதிப்பீடாக வரும், தற்காலிக மதிப்பீடாக மாறும், பிறகு சில ஆண்டுகளுக்குத் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மாநிலத்தின் புதிய பதிப்பையும் இன்னொன்றின் பழைய பதிப்பையும் கலந்தால், வளர்ச்சி வித்தியாசம் என்று நீங்கள் காண்பது வெறும் திருத்தமாக இருக்கும். எல்லா மாநிலங்களுக்கும் ஒரே நாளில் வெளியான கோப்பையே பயன்படுத்துங்கள். கோப்பின் பெயரிலேயே அந்தத் தேதியைச் சேர்த்துச் சேமியுங்கள். கடைசி ஆண்டின் முன்மதிப்பீட்டில் பெரும்பகுதி பழைய போக்கை நீட்டிப் போட்டதுதான். அதை வரைபடத்தில் புள்ளிக்கோடாகக் காட்டலாம். முடிவு சொல்ல அதைப் பயன்படுத்த வேண்டாம்.

அடிப்படை ஆண்டு மாறும் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. 2011-12 வரிசையிலிருந்து 2022-23 வரிசைக்கு நாடு மாறுகிறது. ஒரு மாநிலம் பழைய வரிசையிலும் இன்னொன்று புதியதிலும் இருந்தால் ஒப்பீட்டையே ஒத்திவையுங்கள். இரண்டு வரிசைகளிலும் பொதுவாக உள்ள ஓர் ஆண்டை வைத்து இணைக்கத்தான் வேண்டும் என்றால் ஒவ்வோர் உட்துறையையும் தனித்தனியாக இணையுங்கள். மொத்தத்தை மட்டும் இணைத்தால் உட்துறைகளின் கூட்டல் மொத்தத்துக்குப் பொருந்தாது.

சேவை என்று எதை எண்ணுவது

மாநில அட்டவணையில் வரிசைகள் 6 முதல் 11 வரை சேவைகள். வணிகம், பழுதுபார்ப்பு, ஓட்டல்கள், உணவகங்கள் 6-இல். போக்குவரத்து, கிடங்கு, தகவல்தொடர்பு, ஒலிபரப்பு 7-இல். நிதிச் சேவைகள் 8. ரியல் எஸ்டேட், குடியிருப்பு உரிமை, தொழில்முறைச் சேவைகள் 9. பொது நிர்வாகம் 10. கல்வி, மருத்துவம் உட்பட மற்றவை 11. கட்டுமானம் 5-ஆம் வரிசை. அது இரண்டாம் நிலைத் துறையில் சேரும். சில நிறுவன அறிக்கைகள் அதைச் சேவையோடு சேர்த்துவிடுகின்றன. ஒப்பிடும் இரண்டு பக்கமும் ஒரே வரையறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த ஆறு வரிசைகளுக்குள் மூன்று இடங்கள் ஏமாற்றும்.

9-ஆம் வரிசைதான் மிகப் பெரிய புதிர். பெங்களூருவின், ஹைதராபாத்தின், சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் இதற்குள்தான் இருக்கின்றன, தகவல்தொடர்பில் இல்லை. அதே வரிசையில்தான் சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் தமக்குத் தாமே கொடுப்பதாகக் கணக்கிடப்படும் வாடகையும் இருக்கிறது. யார் கையிலிருந்தும் யார் கைக்கும் போகாத பணம் அது. எனவே 9 வளர்ந்தது என்றால் ஐடி வளர்ந்தது என்று உடனே எழுதிவிடக் கூடாது. உங்கள் மாநிலத் துறை இந்த வரிசையை உட்பிரிவுகளாக வெளியிட்டிருந்தால் அதைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் கீழே சொல்லும் குறுக்குச் சோதனைகளே துணை.

10-ஆம் வரிசைக்கு விற்பனை விலை கிடையாது. அரசின் சேவையை அதற்கான செலவை வைத்தே மதிப்பிடுகிறார்கள். அதில் பெரும்பகுதி சம்பளம். ஊதியக் குழுவின் பரிந்துரை அமலான ஆண்டில், நிலுவைத் தொகை கொடுத்த ஆண்டில் நடப்பு விலையில் (விலையேற்றத்தைக் கழிக்காத மதிப்பில்) இந்த வரிசை துள்ளிக் குதிக்கும். அலுவலகத்தில் ஒரு கோப்புகூட வேகமாக நகர்ந்திருக்காது.

மூன்றாவது, மாநில எல்லைகளைத் தாண்டி இயங்கும் துறைகள். ரயில்வே, விமானப் போக்குவரத்து, தகவல்தொடர்பு, வங்கி, மத்திய அரசு நிர்வாகம் போன்றவற்றுக்குத் தேசிய அளவில் மதிப்புக் கூட்டலைக் கணக்கிட்டு, ஏதாவது ஒரு குறியீட்டின்படி மாநிலங்களுக்குப் பங்கிடுகிறார்கள். உதாரணமாக, வங்கிக்கு வைப்பும் கடனும் பங்கீட்டுக்கு அடிப்படை. பங்கிட்ட எண்ணில் தேசிய வளர்ச்சியின் சாயல் ஏற்கெனவே கலந்திருக்கும். எனவே மாநிலங்களுக்கு இடையிலான உண்மையான வித்தியாசம் மழுங்கித் தெரியும். பெரிய தனியார் நிறுவனங்களிலும் இதே சிக்கல். கம்பெனிகளின் கணக்கு நிறுவனம் முழுமைக்கும் ஒன்றுதான். எந்த மாநிலத்தில் எவ்வளவு என்ற பிரிவு அதில் இல்லை. தொழிற்சாலைகளுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தொழில்துறைக் கணக்கெடுப்பு மாதிரி, கம்பெனிச் சேவைகளுக்கு நீண்டகாலமாக நடக்கும் கணக்கெடுப்பு ஒன்று இல்லாதது பெரிய குறை.

இதற்காக எல்லாவற்றையும் இரண்டு முறை கணக்கிடுவது நல்ல பழக்கம். ஒருமுறை ஆறு வரிசைகளோடும். இன்னொருமுறை பொது நிர்வாகத்தை நீக்கிய "சந்தைச் சேவைகள்" மட்டும். இரண்டிலும் ஒரே முடிவு வந்தால் நம்பிக்கையோடு எழுதலாம்.

கணக்கு: ஓர் உதாரணம்

கீழே உள்ளவை முறையைக் காட்டுவதற்கான கற்பனை எண்கள், ஆயிரம் கோடி ரூபாயில், நிலையான விலையில் (அதாவது விலையேற்றத்தைக் கழித்து). தொடக்க ஆண்டு 2019-20, முடிவு ஆண்டு 2023-24 என்று வைத்துக்கொள்வோம்.

| உட்துறை | மாநிலம், தொடக்கம் | மாநிலம், முடிவு | மற்ற மாநிலங்கள், தொடக்கம் | மற்ற மாநிலங்கள், முடிவு |
|---|---|---|---|---|
| வணிகம், ஓட்டல் | 100 | 124 | 250 | 320 |
| தொழில்முறை, ரியல் எஸ்டேட் | 150 | 195 | 450 | 630 |
| பொது நிர்வாகமும் மற்றவையும் | 50 | 66 | 100 | 125 |
| மொத்தம் | 300 | 385 | 800 | 1,075 |

மாநிலத்தின் வளர்ச்சி 28.3 சதவீதம், மற்றவை 34.4. இடைவெளி 6 சதவீதப் புள்ளிகள். ஆண்டுக்கு எவ்வளவு என்று பார்க்க எக்செல்லில் =(385/300)^(1/4)-1 என்று போட்டால் 6.4 சதவீதம் வரும். மற்ற மாநிலங்களுக்கு 7.7. நான்கு ஆண்டு இடைவெளிக்கு அடுக்கில் 1-ஐ நான்கால் வகுங்கள். ஐந்து ஆண்டுகளின் எண்கள் கையில் இருப்பதால் ஐந்து என்று போட்டுவிடும் பிழை அடிக்கடி நடக்கிறது.

முதல் விதியை மீறி மாநிலத்தையும் வட்டாரத்துக்குள் சேர்த்திருந்தால்? 1,100 என்பது 1,460 ஆகியிருக்கும், வளர்ச்சி 32.7. இடைவெளி 6-இலிருந்து 4.4 ஆகச் சுருங்கிவிடுகிறது. எண்கள் மாறவில்லை, தவறு மட்டும் ஒளிந்துகொண்டது.

இப்போது பிரித்துப் பார்க்கும் கட்டம். பொருளியலில் ஷிஃப்ட்-ஷேர் என்று சொல்வார்கள். மூன்று கேள்விகள்.

மற்ற மாநிலங்களின் வேகத்திலேயே மாநிலம் வளர்ந்திருந்தால் எவ்வளவு கூடியிருக்கும்? 300-ஐ 34.375 சதவீதத்தால் பெருக்கினால் 103.1. உண்மையில் கூடியது 85. ஆக, பற்றாக்குறை 18.1.

அதில் துறைக் கலவையின் பங்கு எவ்வளவு? ஒவ்வோர் உட்துறையிலும் மாநிலத்தின் தொடக்க மதிப்பை, வட்டாரத்தில் (அதாவது மற்ற மாநிலங்களில்) அந்த உட்துறை வளர்ந்த விகிதத்துக்கும் வட்டார மொத்த விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்குங்கள். வணிகத்தில் 28 கழித்தல் 34.375, எனவே −6.4. தொழில்முறையில் 40 கழித்தல் 34.375, எனவே +8.4. கடைசி வரிசையில் −4.7. கூட்டினால் −2.6.

மீதி மாநிலத்தின் சொந்தச் செயல்பாடு. மாநிலத்தின் உட்துறை விகிதத்திலிருந்து வட்டாரத்தின் அதே உட்துறை விகிதத்தைக் கழித்து, தொடக்க மதிப்பால் பெருக்குங்கள். வணிகம் −4.0. தொழில்முறை −15.0. பொது நிர்வாகமும் மற்றவையும் +3.5. மொத்தம் −15.5. மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 103.1 − 2.6 − 15.5 = 85. இந்தக் கூட்டல் சரியாக வரவில்லை என்றால் எங்கோ ஒரு செல் தவறாகச் சுட்டுகிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை மேலே போகாதீர்கள்.

இந்த மாநிலத்தில் "தவறான துறைகளை நம்பியிருக்கிறோம்" என்று சொல்ல இடமில்லை. கலவையால் வந்த இழப்பு சொற்பம். வட்டாரம் 40 சதவீதம் வளர்ந்த தொழில்முறைச் சேவையில் மாநிலம் 30 சதவீதமே வளர்ந்ததுதான் பிரச்சினை. கொள்கை வகுப்பவருக்கு இவை இரண்டும் முற்றிலும் வேறு வேறு மருந்து கேட்கும் நோய்கள். அதோடு, பொது நிர்வாகம் அடங்கிய வரிசையில் வந்த 3.5 இழப்பின் ஒரு பகுதியை மூடி மறைத்திருக்கிறது. அந்த வரிசையை நீக்கினால் மாநிலம் 27.6, மற்றவை 35.7. இடைவெளி 8 புள்ளிகளைத் தாண்டுகிறது.

செறிவு விகிதமும் ஒன்று போட்டுக்கொள்ளலாம். மாநிலச் சேவைகளில் தொழில்முறையின் பங்கு 50 சதவீதம். மற்ற மாநிலங்களில் 56.25. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.89. முடிவு ஆண்டில் 0.86. ஒன்றுக்குக் கீழே இருந்தது இன்னும் இறங்கியிருக்கிறது.

காலம் நீண்டால், உதாரணமாகப் பத்து ஆண்டுகள் என்றால், தொடக்க ஆண்டின் எடை பழசாகிவிடும். அப்போது ஆண்டுக்கு ஆண்டு பிரித்து, பகுதிகளைக் கூட்டுங்கள்.

தொடக்க ஆண்டாக 2020-21-ஐ எடுக்கவே கூடாது. பெருந்தொற்றில் வணிகமும் ஓட்டலும் போக்குவரத்தும் பள்ளத்தில் விழுந்த ஆண்டு அது. அதிகம் விழுந்த மாநிலமே அதிகம் வளர்ந்ததாகத் தெரியும். சுற்றுலாவை நம்பிய மாநிலங்களுக்கு இந்த மாயை மிக வலுவாக இருக்கும். 2019-20-ஐத் தொடக்கமாக வைத்தால் விழுந்ததும் எழுந்ததும் சேர்ந்தே கணக்கில் வரும்.

விலையைக் கழிக்கும்போது

வளர்ச்சிக்கு நிலையான விலை, பங்குக்கு நடப்பு விலை என்பது பொதுவான வழக்கம். ஆனால் நிலையான விலை எண்ணையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. பல சேவைகளுக்குத் தனி விலைக் குறியீடு இல்லாததால் மொத்த விலை, நுகர்வோர் விலைக் குறியீடுகளை வைத்தே விலையேற்றத்தைக் கழிக்கிறார்கள். கச்சா எண்ணெய் விலை ஏறி மொத்த விலைக் குறியீடு எகிறும் ஆண்டில், அதற்குத் தொடர்பே இல்லாத ஒரு சேவையின் உண்மை வளர்ச்சி குறைந்து தெரியலாம்.

இதைச் சோதிப்பது சுலபம். ஒவ்வோர் உட்துறைக்கும் நடப்பு விலை மதிப்பை நிலையான விலை மதிப்பால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது மறைமுக விலைக் குறியீடு. அண்டை மாநிலங்களுக்கு இடையே இது ஆண்டுக்கு இரண்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் தொடர்ந்து விலகினால் சந்தேகப்படுங்கள். வளர்ச்சி என்று நீங்கள் பார்ப்பது விலைக் கழிப்பில் வந்த வேறுபாடாக இருக்கக்கூடும்.

தலைக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு

ஜிஎஸ்விஏ-வில் சேவையின் பங்கு அதிகம் என்பதை வலிமைக்குச் சான்றாகக் காட்டுவது பரவலான தவறு. நாடு முழுக்கவே சேவைகள் மதிப்புக் கூட்டலில் ஏறத்தாழ 55 சதவீதம். ஒரு மாநிலத்தில் இதைவிட அதிகமாக இருக்கக் காரணம் சேவை வலிமையாகவும் இருக்கலாம், தொழிற்சாலைகள் குறைவாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டைப் போல உற்பத்தித் துறை பெருத்த மாநிலத்தில் சேவையின் பங்கு அடங்கித் தெரிவது இயல்பு. அளவைப் பார்க்க வேண்டுமென்றால் தலைக்கு எவ்வளவு சேவை மதிப்புக் கூட்டல் என்று பாருங்கள்.

மக்கள்தொகைக்கு 2011-க்குப் பிறகான கணக்கெடுப்பு எண்கள் இல்லை என்பதால், தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு 2011 முதல் 2036 வரை போட்டிருக்கும் கணிப்பைப் பயன்படுத்துங்கள். எல்லா மாநிலங்களுக்கும் அதே மூலம்.

தொழிலாளர் எண்ணிக்கைக்கு 2017-இல் தொடங்கிய பிஎல்எஃப்எஸ், அதாவது காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு. 2024 வரை அதன் ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை இருந்தது. ஜிஎஸ்விஏ-வின் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. 2025 ஜனவரியிலிருந்து பிஎல்எஃப்எஸ்-இன் மாதிரி வடிவமைப்பே மாறியிருக்கிறது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் இணைக்காதீர்கள். சிறிய மாநிலங்களுக்கு உட்துறை வாரியாகப் போனால் மாதிரி மெலிந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளின் சராசரி எடுப்பது பாதுகாப்பு.

இன்னொரு நுட்பம். உற்பத்தி எங்கே நடக்கிறதோ அந்த மாநிலக் கணக்கில் ஜிஎஸ்விஏ சேரும். தொழிலாளி எங்கே வசிக்கிறாரோ அங்கே பிஎல்எஃப்எஸ் அவரை எண்ணும். ஓசூரில் குடியிருந்து பெங்களூருவில் வேலை செய்பவரின் உழைப்பு கர்நாடகத்தின் மதிப்பு, ஆனால் தமிழ்நாட்டின் தொழிலாளி. மாநில அளவில் இது சிறிய பிழைதான். தில்லி, குருகிராம், நொய்டா போன்ற இடங்களில் சிறியதாக இருக்காது. கேரளத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் இப்படித்தான். அது ஜிஎஸ்விஏ-வில் நேரடியாகச் சேராது, செலவாகும்போது வணிகமாகவும் மருத்துவமாகவும் பள்ளிக் கட்டணமாகவும் தலைகாட்டும்.

குறுக்குச் சோதனைகள்

ஜிஎஸ்விஏ தாமதமாக வரும், திருத்தப்படும், பகுதி பங்கிடப்பட்டது. எனவே தனித்து நிற்கும் வேறு எண்களோடு உரசிப் பார்க்க வேண்டும். முதலில் எல்லாரும் கையை வைப்பது ஜிஎஸ்டி வசூலில். அதில்தான் அதிகம் இடறுகிறார்கள்.

மாத வாரி மாநில வசூலில் பொருள், சேவை இரண்டும் கலந்தே வரும். ஏற்றுமதியாகும் சேவைக்கு வரி பூஜ்யம் என்பதால், மாநிலத்தின் மிகப் பெரிய சேவையான மென்பொருள் ஏற்றுமதி வசூலில் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. நுகரும் மாநிலத்துக்கே வரி போய்ச் சேர வேண்டும் என்பது ஜிஎஸ்டியின் அமைப்பு. எனவே பங்கீட்டுக்குப் பிறகான எண் நுகர்வைத்தான் காட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் குறைக்கப்பட்டதால் அதற்கு முன்னும் பின்னும் நேரடியாக ஒப்பிட முடியாது. சுருக்கமாக, ஜிஎஸ்டி வணிகத்தின் போக்கைச் சொல்லும். சேவைத் துறைக்கு அதை அளவுகோலாக்க வேண்டாம்.

வங்கிக் கடன் நல்ல சோதனை. ரிசர்வ் வங்கி காலாண்டுதோறும் மாநில வாரியாக வெளியிடுகிறது. கடன் ஒப்புதலான இடமும், பயன்படுத்தப்பட்ட இடமும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். தலைமையகங்கள் குவிந்த மும்பையால் மகாராஷ்டிரத்தின் ஒப்புதல் கணக்கு வீங்கியிருக்கும். பயன்படுத்திய இடப்படியான அட்டவணையை எடுங்கள்.

வருங்கால வைப்பு நிதியின் மாதாந்திர ஊதியப் பட்டியல் எண்கள் 2017 செப்டம்பர் முதல் கிடைக்கின்றன. அதில் "நிபுணத்துவச் சேவைகள்" என்ற பெரிய தொகுதி பெயரில் மட்டுமே நிபுணத்துவம் கொண்டது. ஆள் வழங்கும் ஒப்பந்ததாரர்களும் பாதுகாப்பு நிறுவனங்களும் அதற்குள் அடக்கம். அந்த ஆட்களில் பலர் தொழிற்சாலையில் நிற்பவர்கள். இதை முழுக்கச் சேவை வேலைவாய்ப்பாக எண்ணினால், உற்பத்தி மாநிலங்கள் சேவையில் பாய்ந்து முன்னேறுவதாகத் தோன்றும்.

சிறு கடைகள், ஓட்டல்கள், சலூன்கள், ஆட்டோக்களுக்கு ஏஎஸ்யுஎஸ்இ என்ற அமைப்புசாரா நிறுவனக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2021-22 முதல் வருகிறது. விமான நிலையப் பயணிகள் எண்ணிக்கையும் மின்சாரத்தில் வணிகப் பயன்பாடும் விரைவான துணைச் சான்றுகள். சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கையை மட்டும் ஒதுக்கி வையுங்கள். ஒரு நாள் வந்து சாமி கும்பிட்டுத் திரும்புகிறவரை எண்ணும் முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது.

நீங்களே கருத்துக்கணிப்பு நடத்தினால்

தேசிய அளவில் சேவைகளுக்கான பிஎம்ஐ (நிறுவன மேலாளர்களைக் கேட்டுப் போடும் மாதாந்திரக் குறியீடு) இருக்கிறது, மாநில அளவில் இல்லை. ஆகவே வணிகர் சங்கங்களும் தொழில் அமைப்புகளும் சொந்தக் கருத்துக்கணிப்பு நடத்த விரும்பலாம். கேள்வி எளியது: போன மாதத்தைவிட விற்பனை கூடியதா, அப்படியே இருக்கிறதா, குறைந்ததா? கூடியது 38 சதவீதம், அப்படியே 40, குறைந்தது 22 என்றால், கூடியதோடு "அப்படியே"வில் பாதியைச் சேர்த்தால் குறியீடு 58. 50-க்கு மேல் விரிவு, கீழே சுருக்கம். வேறு சிலர் கூடியதிலிருந்து குறைந்ததைக் கழித்து 16 என்று சொல்வார்கள். அங்கே நடுப்புள்ளி பூஜ்யம். இரண்டு முறைகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே கூடாது.

100 நிறுவனங்களை மட்டும் கேட்டிருந்தால் அந்த 58-க்கு இரு பக்கமும் ஏழு புள்ளிக்கு மேல் பிழை வரம்பு உண்டு. மாநிலம் 58, மற்றவை 54 என்று வந்தால் அதில் செய்தி எதுவும் இல்லை. 400 நிறுவனங்கள் இருந்தால் வரம்பு நாலு புள்ளிக்குள் வரும். மாநில வித்தியாசத்தைச் சொல்ல அதுவே குறைந்தபட்சம்.

பண்டிகைகளை மறந்தால் மொத்தமும் குழம்பும். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. அக்டோபரையும் நவம்பரையும் தனித்தனியாக முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் ஒரு மாதம் பொய்யாக ஏறும், மறு மாதம் பொய்யாக இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஓணம் கேரளத்தை ஆகஸ்ட்-செப்டம்பரில் தூக்கும். பொங்கல் தமிழ்நாட்டை ஜனவரியில் தூக்கும். எனவே ஒரு மாத எண்ணை வைத்து இரு மாநிலங்களை ஒப்பிடாமல், குறைந்தது மூன்று மாதச் சராசரியை, போன ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு வையுங்கள்.

அறிக்கையில் எழுத வேண்டியவை

முதல் பக்கத்திலேயே இவை இருக்கட்டும்: வட்டாரத்தில் எந்த மாநிலங்கள், சொந்த மாநிலம் நீக்கப்பட்டதா, எந்த வரிசைகள், எந்த விலை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, கோப்பு வெளியான தேதி. பிறகு இடைவெளி. அதன் கீழேயே கலவைக்கும் சொந்தச் செயல்பாட்டுக்கும் உட்துறை வாரிப் பிரிவு. பொது நிர்வாகம் நீக்கிய எண்ணை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் பக்கத்திலேயே போடுங்கள்.

ஆண்டு வித்தியாசம் அரை சதவீதப் புள்ளிக்குள் இருந்தால் "முன்னிலை", "பின்னடைவு" என்ற சொற்களைத் தவிர்த்து "ஏறத்தாழ சமம்" என்று எழுதுங்கள். வழக்கமான திருத்தமே அந்த அளவு வித்தியாசத்தைப் புரட்டிப் போட்டுவிடும். தாளில் மூல எண்கள் ஒரு பக்கத்திலும் கணக்குகள் வேறு பக்கத்திலும் இருந்தால், அடுத்த திருத்தம் வந்ததும் மூலப் பக்கத்தை மட்டும் மாற்றி ஒட்டினால் போதும். பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருந்து, எந்த உட்துறை எவ்வளவு திருத்தப்பட்டது என்ற ஒரு பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.